23. ஆளில்லாத ரயிலடி

காலை ஏழு மணிக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் அசோக்குமார் முதலில் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ‘ஞாயிறு’ என்று நீல மையில் எழுதியிருந்தது. நேற்று இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போதே எழுதிக்கொண்டது. கிரீஸ் பட்டுக் கொஞ்சம் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை கையில் கிழமையை எழுதிக்கொண்டு அலைகிறானே என்று சிரித்துவிடாதீர்கள். முதல் வாரத்திலிருந்து கூட வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். நடுவில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

கரூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் அசோக்குமார். ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. பக்கத்துப் பேரிகை கிராமத்தில் ரோஜாவும் தக்காளியும் போடுகிற பெருமாளின் மகள் பிரியதர்ஷினியைக் கட்டிக்கொண்டான். மகள் லிகிதாவுக்கு இப்போது எட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரியதர்ஷினி மகளைக் கூட்டிக்கொண்டு பேரிகைக்குப் போய்விட்டாள். குடித்தானா, அடித்தானா என்றால் அதெல்லாம் இல்லை. விழித்திருந்த நேரமெல்லாம் கம்பெனியில் இருந்தான், வீட்டில் இருந்த நேரமெல்லாம் தூங்கினான். ‘சுவத்தோட எத்தன நாளுக்குக் குடும்பம் நடத்தறது?’ என்று சொல்லிவிட்டுப் போனவளை இவன் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிடாதவனிடம் அவளும் திரும்பி வரவில்லை. வீம்பு முற்றிக் கோர்ட் வரைக்கும் போயிற்று.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அப்பா மகளைப் பார்க்கலாம் என்பது உத்தரவு. இவன் வீட்டிலும் வேண்டாம், அவள் வீட்டிலும் வேண்டாம் என்று இரண்டு வக்கீல்களும் சேர்ந்து ஓர் இடத்தைப் பிடித்தார்கள். சூளகிரி தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கும் ‘குளுகுளு உலகம்’ பூங்கா. அதிலும் தண்ணீர்ச் சறுக்கு பக்கமெல்லாம் ஒரே கூச்சல் என்பதால், பின்கோடியில் இருக்கும் பொம்மை ரயில் நிலையம். அங்கேதான் ஆளே வருவதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோக்குமார் அந்த ரயிலடிக்கு வரவில்லை. லிகிதா மூன்று மணி நேரம் காத்திருந்தாள். பதினோரு தடவை அந்த ரயிலில் சுற்றினாள்.

அவன் மறுநாள் வந்தான். ராத்திரி ஷிப்டில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை இரவு உள்ளே போனவன் ஞாயிறு காலை வெளியே வந்தாலும், வருகைச் சீட்டில் சனி என்றுதான் விழும். எப்போதும் வார விடுமுறை வந்து அந்தக் கணக்கை நேராக்கிவிடும். அந்த வாரம் அவசர ஆர்டர் என்று விடுமுறையை ரத்து செய்துவிட்டார்கள். ஞாயிறு காலை வெளியே வந்தவன் சீட்டைப் பார்த்தான், இன்று சனி, நாளைக்குத்தான் குழந்தையைப் பார்க்கிற நாள் என்று போய்ப் படுத்துவிட்டான். போனில் தேதி இருக்குமே என்று கேட்பீர்கள். சந்தேகம் வந்தால்தானே தேதி பார்ப்பார்கள்? அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. மறுபடி இரவு ஷிப்டுக்குப் போய்த் திங்கட்கிழமை காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இதைக் கோர்ட்டில் சொன்னபோது பிரியதர்ஷினி எழுந்து, “பொய்” என்றாள். அவனிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. வருடாந்திர பாஸைக் காட்டினால் வாட்ச்மேன் தலையாட்டுவார், எழுதி வைப்பதில்லை. ரயிலடியில் கொடி காட்டுகிற அம்மாளைக் கேட்டபோது அவளும் பிடிகொடுக்கவில்லை. இனி மாதம் ஒரு தடவை, அதுவும் பேரிகையில் தாத்தா முன்னிலையில் பார்த்தால் போதும் என்று அவர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள். அது வருகிற வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது.

போதாக்குறைக்குப் பூங்காக்காரர்கள் வேறு ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள். பொம்மை ரயில் பகுதி பயன்படாமல் கிடப்பதால் அதை எடுத்துவிட்டுப் பனி அறை கட்டப்போகிறார்களாம். வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள் ஞாயிறு பதினோரு மணிக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருந்தது.

அந்த ஞாயிறு இதுதான்.

*

பத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அசோக்குமார் ரயிலடிக்குப் போய்விட்டான். கண்கள் எரிந்தன. குழாயில் முகத்தைக் கழுவும்போது இடது கை நனையாமல் பார்த்துக்கொண்டான்.

ரயிலடியில் பூவம்மாள் இருந்தாள். பச்சைக் கொடியும் விசிலும் வைத்துக்கொண்டு ரயிலை அனுப்புகிற அம்மாள். காண்ட்ராக்டில் பன்னிரண்டு வருடமாக இதே வேலை.

“வா தம்பி. இன்னிக்கு ரயிலுக்குப் பஞ்சாயத்தாமே?”

“ஆமாங்க்கா. என்னாகும்?”

“எடுத்துருவாங்க. நம்மளக் கேட்டா செய்யறாங்க?” என்றாள் பூவம்மாள். “நேத்து முழுக்க நாப்பது பேரு. அதுல பாதி, வழி தெரியாம வந்தவங்க.”

லிகிதா ஓடி வந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே பிரியதர்ஷினி வந்தாள். பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருடமாகிறது. இருந்தாலும் குழந்தையை ஒப்படைக்கும்போது இரண்டு வார்த்தை பேசித்தானே ஆகவேண்டும்?

“காலைல சரியா சாப்பிடல. பசிக்குதுன்னா ஏதாவது வாங்கிக் குடுங்க,” என்றாள், பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து.

“சரி. நீ கூட்டத்துக்கு வர்றியா?”

“நானும் பாஸ் வச்சிருக்கேன்.”

அந்தப் பாஸை நீங்கள் பார்க்க வேண்டும். குடும்பப் பாஸ், எண் 417. மூன்று பேர் படமும் அதில் இருக்கிறது. பிரிந்த பிறகும் இரண்டு வருடமாக அசோக்குமார்தான் அதைப் புதுப்பிக்கிறான். தனித்தனியாக எடுத்திருக்கலாம். ஆனால் புதுப் படம் கேட்பார்கள். மூன்று பேரும் தோளோடு தோள் உரசி நிற்கிற படம் இப்போதைக்கு இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அவளிடம் ஒரு நகல் இருக்கிறது.

*

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஓசூர்த் தொழிற்சாலைக் குடும்பங்கள், கிருஷ்ணகிரிக் கடைக்காரர்கள், அத்திப்பள்ளியிலிருந்து காரில் வந்தவர்கள். எல்லோரும் ‘குளுகுளு குடும்பம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாக இதே விஷயத்துக்காக மல்லுக்கட்டியவர்கள். இரண்டு பேர் இதனால் சம்பந்தம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. ஒரு பொம்மை ரயிலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கும்தான் தோன்றியது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தோடு மாரடிப்பவனுக்கு, ஏழாம் நாள் போகிற இடத்தின் மேல் உரிமை வராமல் இருக்குமா?

மேனேஜர் கோவிந்தப்பன் மைக்கைப் பிடித்தார். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு.

“நோடி, பாருங்க, ரயிலுக்கு ஒரு நாளைக்கு நாப்பது பேரு. சறுக்குக்கு ரெண்டாயிரம். நீங்களே சொல்லுங்க. ஒரு பாஸுக்கு ஒரு ஓட்டு. அங்க டேபிள்ல நம்பரச் சொல்லி எழுதிடுங்க. ஆயித்தா?”

கமலக்கண்ணன் துள்ளி எழுந்தார். பாகலூரில் கூரியர் ஆபீஸ் வைத்திருப்பவர், வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர். ரயில் படம் போட்ட சட்டையையே அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“சார், இந்தப் பார்க்கு தொறந்த நாள்ல இருந்து ஓடறது அந்த ரயிலு ஒண்ணுதான்! எஞ்சின் சத்தம் கேட்டாலே எனக்கு எத்தனாவது பெட்டியில நட்டு லூசுன்னு தெரியும். வழிகாட்டி போர்டு ஒண்ணு வெச்சீங்களா? வெயிலுக்கு ஒரு கூரை போட்டீங்களா? கவனிக்காமப் போட்டுட்டு, யாரும் வர்லன்னா என்ன நியாயம்?”

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும் முன்பே சுஜாதா எழுந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், இரண்டு குழந்தைகளின் தாய்.

“அண்ணா, நீங்க நல்லாத்தான் பேசறீங்க. ஏப்ரல் மாசம் மத்தியானம் உங்க ரயில்ல எம் பசங்கள ஒக்கார வெச்சிப் பாருங்க, தோலு உரிஞ்சிரும். நாங்க வர்றது வருஷத்துக்கு ஆறு தடவ. அன்னிக்காவது குளுகுளுன்னு இருக்க வேண்டாமா? பேருதான குளுகுளு?”

இதற்கு இன்னும் பெரிய கைதட்டல். பின் வரிசையில் ஒருவர் கமலக்கண்ணனைப் பார்த்து, “ரயிலு வேணும்னா ஸ்டேஷனுக்குப் போய்யா” என்று கத்த, கமலக்கண்ணன் சட்டைக் கையை மடிக்க, கோவிந்தப்பன் “ஆயித்து, ஆயித்து, போதும்” என்று கையைக் கூப்பினார்.

லிகிதாவை ரயிலடியில் பூவம்மாளிடம் விட்டுவிட்டு வந்த அசோக்குமார், ஓட்டு மேஜைக்குப் போனான்.

“நாலு ஒண்ணு ஏழு. ரயிலு.”

மேஜையில் இருந்த பெண் நோட்டில் விரலை ஓட்டினாள். “நானூத்திப் பதினேழா? அது அப்பவே போட்டாச்சு சார். பனி அறை.”

அசோக்குமாருக்கு ஒன்றும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தான். பெண்கள் வரிசையின் ஓரத்தில் பிரியதர்ஷினி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் கெட்டவள் இல்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். ‘ரயிலடியே இல்லன்னா, உத்தரவுல இருக்கற இடமே இல்லன்னு வியாழக்கிழம சொல்லிடலாம். போய் மொத ஆளா பனிக்குப் போட்டுட்டு வா,’ என்று அனுப்பியவர் அப்பா பெருமாள். அதுமட்டுமில்லை. மகள் மூன்று மணி நேரம் அழுத இடத்தை அவளுக்கே பிடிக்கவில்லை. இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த ரயிலடியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. அவன் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்திருந்ததை, அடுத்த தடவை போனபோதே பூவம்மாள் அவளிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவள் கோர்ட்டில் எழுந்து ‘பொய்’ என்று சொன்னாள்.

அசோக்குமாருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் பூவம்மாளும் பிரியதர்ஷினியும் நாமும்தான்.

*

“நான் ஒண்ணு சொல்லணும்ங்க.”

அசோக்குமார் மேடைப் பழக்கமே இல்லாதவன். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

“என்னோட ஓட்டு போயிருச்சு. அதனால சொல்லிட்டுப் போயிடறேன். அந்த நாப்பது பேருல ரெண்டு பேரு நானும் எம் பொண்ணும்ங்க. எம் பொண்ண அங்க வெச்சுத்தான் பாக்கணும்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு. கூட்டம் வராத இடம்னுதான் அந்த இடத்தக் குடுத்தாங்க. நீங்க கூட்டம் வர்லன்னு எடுக்கறீங்க.”

பிரியதர்ஷினியின் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

“அத எடுத்துட்டா வேற இடம் குடுப்பாங்களா, இல்ல நீ பாக்கவே வேண்டாம்னு சொல்லிருவாங்களா, தெரியல. ஏன்னா ஒரு ஞாயித்துக்கெழம நான் வரல. திங்கக்கெழம வந்தேன்.”

முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். “ஞாயித்துக்கெழமகூடத் தெரியாதா?” என்று ஒரு குரல் வந்தது.

“தெரியலங்க. வார லீவ ரத்து பண்ணிட்டாங்க. சீட்டுல சனின்னு இருந்துச்சு. போய்ப் படுத்துட்டேன்.”

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த பெரியவர். “ராத்திரி சி ஷிப்டா தம்பி?”

“ஆமாங்கண்ணா.”

“சிரிக்காதீங்கப்பா,” என்றார் அவர், முன் வரிசையைப் பார்த்து. “எம் மவ பொறந்த நாளுக்கு நானு மறுநா கேக்கு வாங்கிட்டுப் போனவன். அது இன்னிவரைக்கும் சொல்லிக் காட்டுது.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூடத்தில் பாதிப் பேர் ராத்திரியைப் பகலாக்கியவர்கள். அசோக்குமார் சொன்னது அவர்களுக்குப் புரிய விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாகத் தான் சொன்னதை நம்புகிற முகங்களைப் பார்த்தான். இடது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

“இப்பல்லாம் எழுதிக்கறேங்க,” என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு இறங்கினான்.

சுஜாதா மெதுவாக எழுந்தாள். “எனக்குப் பனிதான் சரின்னு படுது. அத நான் மாத்த மாட்டேன். ஆனா சார், ரயில ஒடச்சிப் போடாதீங்க. வேற எங்கயாவது நெழல்ல நாலு தண்டவாளம் போட்டு வைங்க.”

கோவிந்தப்பன் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதோடு சரி.

எல்லோரும் எழுந்து கலைகிற சந்தடியில் பிரியதர்ஷினி மேஜைக்குப் போனாள். “நானூத்திப் பதினேழ அடிச்சிட்டு ரயிலுன்னு போடுங்க” என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “ஒரு பாஸுக்கு ஒரு ஓட்டுதானே? எங்களுதும் ஒண்ணுதான். அத மாத்திப் போடுங்க.”

கதையென்றால் அத்தனை பேரும் ஓட்டை மாற்றிப் போட்டு ரயில் ஜெயித்திருக்க வேண்டும். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. பனி அறைக்கு நூற்று முப்பத்தெட்டு, ரயிலுக்கு அறுபத்து நாலு. மாதக் கடைசியோடு ரயில் நிற்கும் என்று கோவிந்தப்பன் அறிவித்தார். கமலக்கண்ணன் சட்டையில் இருந்த ரயில்மேல் கையை வைத்தபடி சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

*

ஒரு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ரயிலடியில் லிகிதா முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் வேறு யாரும் இல்லை.

பிரியதர்ஷினி வந்து, கொஞ்சம் தள்ளி நின்றாள். அசோக்குமார் அவளைப் பார்த்தான்.

“ஓட்ட மாத்திப் போட்டியாமே. அந்தப் பொண்ணு சொல்லுச்சு.”

“ம்.”

“ஏன்?”

அவள் நேராகப் பூவம்மாளிடம் போனாள்.

“அக்கா, வியாழக்கெழம உங்களுக்கு லீவு கெடைக்குமா?”

பூவம்மாள் கொடியைச் சுருட்டியபடி அவள் முகத்தையே பார்த்தாள். “கோர்ட்டுக்கா?”

“ஆமா.”

“அன்னிக்கே சொல்லியிருப்பேன் கண்ணு. வந்து போறவங்க வழக்குல தலையிட்டா வேலை போயிரும்னு காண்ட்ராக்டரு சொல்லிட்டாரு. இப்பத்தான் வேலையே போவுதே. இனி யாருக்குப் பயப்படறது? வர்றேன்.”

அசோக்குமாருக்கு நடப்பது பாதிதான் விளங்கியது. பூவம்மாள் சாட்சி சொல்ல வருகிறாள், அதை பிரியதர்ஷினியே கேட்கிறாள். அவனுக்குள் ரொம்ப நாளாகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. பேரிகையிலிருந்து பெருமாள்.

“போட்டுட்டியாம்மா?” என்று அவர் கேட்டது தள்ளி நின்றவனுக்கும் கேட்டது.

“போட்டேன்ப்பா. அப்புறம் அடிச்சிட்டேன்.” அவர் கத்துவதற்குள் அவளே தொடர்ந்தாள். “அப்பா, இருங்க. நான் சொல்றதக் கேளுங்க. அந்தத் திங்கக்கெழம அவரு வந்திருந்தாரு. மூணு மணி நேரம் ஒக்காந்திருந்தாரு. பூவம்மாக்கா எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாங்க. தெரிஞ்சுதான் நான் கோர்ட்டுல பொய்னு சொன்னேன்.”

அப்பவே.

அசோக்குமார் நின்ற இடத்திலேயே நின்றான். ஏழு மாதம். நீதிபதி முன்னால் பொய்யன் என்று பேர் வாங்கினான். கம்பெனியில் தலை குனிந்தான். திங்கட்கிழமை வந்தது நிஜமா, தூக்கக் கலக்கத்தில் தானாகக் கற்பனை செய்துகொண்டதா என்று அவனுக்கே ஒரு சமயம் சந்தேகம் வந்தது. கையில் எழுதத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். இவ்வளவு நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

விரித்திருந்த இடது கை தானாக மூடிக்கொண்டது.

பிரியதர்ஷினி போனைக் காதிலிருந்து எடுத்தாள். முதல் தடவையாகத் தூணைப் பார்க்காமல் அவன் கண்ணைப் பார்த்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்து நின்றது தெரிந்தது.

“அப்பா! அம்மா! ரெண்டு பேரும் ஏறுங்க, ரயிலு கெளம்புது!” என்று லிகிதா கத்தினாள்.

இருவரும் அசையவில்லை. பூவம்மாள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு விசிலை ஊதிக் கொடியை அசைத்தாள். ரயில் கிளம்பியது. லிகிதா ஜன்னலில் தலையை நீட்டி, வளைவு திரும்புகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டே போனாள்.

அது சுற்றி வர நாலு நிமிடம் ஆகும். குழந்தை இறங்கி வருவதற்குள் அவன் இவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும்.